ஜன்னலோரக் கட்டில்

காலையிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. விடுதிப் படியில் உட்கார்ந்தாள், எழுந்தாள், கேட் வரைக்கும் போனாள், திரும்பி வந்து அதே படியில் உட்கார்ந்தாள். காவல்காரர் இரண்டு தடவை பார்த்துவிட்டுச் சும்மா இருந்தார். மூன்றாவது தடவை, "யாராவது வரணுமாம்மா?" என்று கேட்டே விட்டார். வர வேண்டியவன் வர இன்னும் இருபது நிமிடம் இருந்தது. அதற்குள் அவள் பென்சிலின் பின்பக்கத்தைக் கடித்துக் கடித்து, அதிலிருந்த ரப்பர் போன இடம் தெரியவில்லை.

மடியில் ஒரு பெரிய வரைபடத் தாள். முன்பக்கம், யாரோ கட்டாமலே விட்டுவிட்ட ஒரு பள்ளிக்கூடக் கழிப்பறை. பின்பக்கம், இவர்களுடைய குடும்பம்.

குடும்பம் என்று சொல்லிக்கொள்ள இதுவரை அந்தத் தாளைத் தவிர வேறெதுவும் இல்லை. பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு இரண்டு மாதமும் ஒன்பது நாளும் ஆகிறது. சாட்சிக்கு வந்த இரண்டு நண்பர்களுக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, அன்று மத்தியானமே அவன் ஆண்கள் விடுதிக்குப் போனான், இவள் பெண்கள் விடுதிக்கு வந்தாள். கல்யாணமான அன்று கேட் பூட்டுவதற்குள் மூச்சிரைக்க ஓடி வந்த பெண்டாட்டி உலகத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். இரண்டு வீட்டாரும் சண்டை போடவில்லை. 'படிப்பு முடியட்டும், பார்க்கலாம்' என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தார்கள். பணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஆகவே வாடகைக்கு ஒரு வீடு பிடித்து, அதை நடத்திக் காட்ட வேண்டிய பொறுப்பு முழுக்க இந்தத் தாளின் தலையில் விழுந்தது.

அவள் கட்டடப் பொறியியல் கடைசி வருடம். வீட்டுச் செலவை எழுதச் சொன்னால் மற்றவர்கள் பால், சோப்பு என்று மளமளவென்று எழுதுவார்கள். இவள் ஒரு கட்டடத்துக்கு மதிப்பீடு போடுவது மாதிரி ஐந்து பத்தியாகக் கோடு கிழித்துக்கொண்டாள். வரிசை எண், விவரம், அளவு, விலை, தொகை. வாடகைக்கு எதிரே அளவு என்ற இடத்தில் 'ஒன்று' என்றுகூட எழுதியிருந்தாள். அவ்வளவு நேர்த்தி. வாடகை ஏழாயிரம், தண்ணீருக்கு ஐநூறு, கரண்ட் அறுநூறு, சாப்பாட்டுச் சாமான் மூவாயிரத்து இருநூறு, பஸ் ஆயிரத்து நூறு, கேஸ் நானூற்றைம்பது, ஃபோன் ஐநூறு, புத்தகமும் நகலும் எழுநூறு. எல்லாம் உள்ளது உள்ளபடி, ஒரு பைசா கூடக் குறைய இல்லை.

கடைசி வரிதான் பொய்.

கட்டட மதிப்பீடு என்றால் அதன் அடியில் 'எதிர்பாராச் செலவு, மொத்தமாக' என்று ஒரு வரி வந்தே தீரும். மழை வரும், மணல் விலை ஏறும், எவனாவது அளவைத் தப்பாக எடுப்பான், அதற்கெல்லாம் சேர்த்து ஒரு தொகை. அது என்ன, ஏன் என்று யாரும் கேட்பதில்லை. அந்த வரியில் அவள் ஆயிரத்து முந்நூற்றைம்பது என்று போட்டிருந்தாள். அதில் எதிர்பாராதது எதுவும் கிடையாது. மாதா மாதம் ஒன்றாம் தேதி, விடுதி அலுவலகத்தில், ரசீது வாங்கிக்கொண்டு கட்ட வேண்டிய பணம் அது.

ஆண்கள் விடுதியிலும் சரி, பெண்கள் விடுதியிலும் சரி, அப்படி ஒரு ஏற்பாடு உண்டு. வெளியே தங்கப் போகிறவர்கள் இரண்டில் ஒன்று செய்யலாம். மஞ்சள் பாரம் எழுதிக் கொடுத்தால் காலி. காப்புத் தொகை நாலாயிரம் திரும்ப வரும், கட்டில் அடுத்த பெண்ணுக்குப் போகும். வெள்ளைப் பாரம் எழுதிக் கொடுத்து மாதம் ஆயிரத்து முந்நூற்றைம்பது கட்டினால், ஆள் இல்லாவிட்டாலும் கட்டில் அவள் பெயரில் இருக்கும். மூன்றாவது மாடி, பதினேழாம் அறை, ஜன்னலோரம். இன்று சாயங்காலம் ஐந்து மணிதான் கெடு. எழுதி முடித்த வெள்ளைப் பாரம், முதல் மாதப் பணத்தோடு, அவள் பையின் உள்ளறையில் நாலாக மடித்து இருந்தது. அவனிடம் அவள் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

ஏன் என்று கேட்டால், அவளுடைய அக்காவைத்தான் சொல்ல வேண்டும். அக்கா கல்யாணமாகிப் போன இரண்டே வருடத்தில் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தாள். அதற்குள் அவளுடைய அறைக்குத் தையல் மிஷினும் பழைய பெட்டிகளும் குடிவந்துவிட்டன. எட்டு மாதம் ஹாலில்தான் பாய். தண்ணீர் குடிக்கப் போகிறவர்கள், வாசலுக்குப் போகிறவர்கள் எல்லாரும் அவள் காலைத் தாண்டிக்கொண்டு போனார்கள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கவனமாகத் தாண்டினார்கள், அவ்வளவுதான். அந்தக் கவனத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் இவளுக்கு வயிறு எரிந்தது. இப்போது அக்கா வேறு ஊரில் வேலை பார்க்கிறாள், தனியாக இருக்கிறாள், நன்றாகவே இருக்கிறாள். பதிவுக்கு முந்தின நாள் ஃபோனில், "பையன் நல்லவனாத்தான் தெரியுறான். இருந்தாலும் உனக்குன்னு ஒரு கட்டிலை வச்சுக்கோடி. போய் விழுந்தா, ஏன் வந்தேன்னு யாரும் கேக்காத கட்டில்" என்றாள்.

சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே என்று நமக்குத் தோன்றும். என்னவென்று சொல்வாள்? 'உன்னோடு குடித்தனம் பண்ண வருகிறேன், அப்படியே தப்பித்துப் போகவும் ஒரு வழி வைத்திருக்கிறேன், அதற்கு நீயும் பாதிப் பணம் போடு' என்றா?

அவன் வந்தான். இயன்முறை மருத்துவம் படிக்கிறவன், கூடப் படிக்கிறவர்களுக்கு ஒட்டகம். ஆறடிக்கு மேல் உயரம், கழுத்தும் நீளம், காலையில் ஒரு வாய் சாப்பிட்டால் சாயங்காலம் வரைக்கும் பசி என்று சொல்லத் தெரியாது. பெயர் வைத்தவர்கள் கண்ணுள்ளவர்கள்தான். அவனும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டான்.

"எவ்வளவு இடிக்குது?" என்று கேட்டுக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தான்.

"தொள்ளாயிரம்."

"நேத்து அறுநூறுன்னியே?"

"நேத்து கரண்ட்டுக்கு முந்நூறு போட்டிருந்தேன். அறுநூறாவது ஆகும்னு வீட்டுக்காரம்மா சொன்னாங்க."

அவனுக்குக் கிளினிக்கில் ஆறாயிரம். இவளுக்கு வரைபட ஆபீஸில் ஐயாயிரத்து ஐநூறு, உதவித்தொகை மூவாயிரம். வரவு பதினாலாயிரத்து ஐநூறுக்கு மேல் தலைகீழாக நின்றாலும் வராது. செலவோ பதினைந்தாயிரத்து நானூறில் வந்து நின்றது. அவன் அவள் கையிலிருந்த பென்சிலை வாங்கி, கடிபட்ட முனையைப் பார்த்துவிட்டு, தாளை மடிக்கு இழுத்துக்கொண்டான்.

"பஸ் ஆயிரத்து நூறுல என்னுது எவ்வளவு?"

"ஐநூறு."

"அடிச்சிடு. நடந்துக்கறேன்."

"கிளினிக் அஞ்சு கிலோமீட்டர்டா."

"நாள் பூரா ஊர்ல இருக்கிறவங்களை எல்லாம் நடங்க நடங்கன்னு விரட்டுறேன். நான் மட்டும் பஸ்ல போனா நல்லாவா இருக்கு?"

ஐநூறு போனது. அடுத்தது ஃபோன். "எனக்குன்னு யார் பேசப் போறா? பேசுறவ நீதான். நீதான் பக்கத்துலயே இருப்பியே." அதில் நூற்றைம்பது. பென்சில் மேலும் கீழும் அலைந்து, சாப்பாட்டு வரியில் நின்றது. கிளினிக்குக்குப் போகுமுன் அவன் குடிக்கும் டீயும் தின்னும் பன்னும் மாதம் இருநூற்றைம்பது. அதற்கு அப்புறம் ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் அவன் வாயில் எதுவும் போகாது.

"அதை விடு," என்றாள்.

"பன்னு சாப்பிட்டா தூக்கமா வருது," என்று சொல்லி அடித்தான்.

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஒவ்வொரு கோடும் அவனுடையது. அவள் பக்கம் ஒரு கோடு விழவில்லை. பென்சில் கடைசி வரிக்கு வந்தது, ஒரு கணம் நின்றது. கேட்கட்டும், இப்போது கேட்டால் சொல்லிவிடலாம் என்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பென்சில் நகர்ந்து, கீழே போய், மொத்தத்தை எழுதியது.

"பதினாலாயிரத்து ஐநூறு. வர்றதும் அதுதான், போறதும் அதுதான். எப்படி?" என்று பல்லைக் காட்டினான். பரீட்சையில் முதல் மார்க் வாங்கினவன் மாதிரி சந்தோஷம்.

இன்னொரு துண்டுச் சீட்டில் அட்வான்ஸ் கணக்கு. மூன்று மாத வாடகை, இருபத்தோராயிரம். அவன் சேமிப்பு ஆறாயிரத்து ஐநூறு, அவன் விடுதியைக் காலி செய்ததில் வந்த காப்புத் தொகை நாலாயிரம், அவள் சேமிப்பு ஏழாயிரத்து ஐநூறு. மீதி மூவாயிரத்தை அவள் ஆபீஸில் சம்பள முன்பணமாக வாங்க வேண்டும். "நாலு மணிக்கு வீட்டுல பாப்போம். ஆறு மணிக்கு வேற பார்ட்டி வருதாம், லேட் பண்ணிடாதே," என்று சொல்லிவிட்டு ஒட்டகம் எழுந்து நடந்தது. பஸ் ஸ்டாப்பைத் தாண்டியும் நடந்தது. இன்றிலிருந்தே ஆரம்பித்துவிட்டான் போல.

அவள் வரைபட ஆபீஸுக்குப் போனாள். ஆபீஸ் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒரு அச்சகத்தின் மாடியில், இரண்டு மேசை, மூன்று கம்ப்யூட்டர், ஒரு ஃபேன். வரைபடக்காரர் கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டு, முன்பணம் என்ற வார்த்தையைக் கேட்டதும் திரும்ப மூக்குக்கு இறக்கினார்.

"எதுக்கும்மா?"

"வீட்டுக்கு அட்வான்ஸுண்ணே."

"கட்டுப்படியாகுமா? கணக்குப் போட்டியா?"

போட்டேன் என்று தாளை நீட்டினாள். நீட்டின கையை வெட்டிக்கொள்ளலாம் போல அடுத்த நிமிடமே இருந்தது. அவர் முப்பது வருடமாக மதிப்பீட்டுத் தாள்களைப் பார்த்துக் கண் பழுத்தவர். மேலே இருந்து ஒரே ஓட்டமாக ஓடி வந்து, சரியாகக் கடைசி வரியில் பிரேக் போட்டார்.

"எதிர்பாராச் செலவு ஆயிரத்து முந்நூத்தைம்பதா? கிட்டத்தட்ட பத்து பர்சென்ட் வருதே. ஒரு சமையல்கட்டு, ஒரு ரூமு. ஆத்துக்குக் குறுக்க பாலமா கட்டப் போறே?"

அவள் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

"மூணு போடுவாங்க. ரொம்ப பயந்தவன் அஞ்சு போடுவான். பத்து போட்டிருந்தா, ஒண்ணு போட்டவனுக்கு வேலை தெரியல, இல்லேன்னா நடுவுல எவனோ சாப்பிடுறான்." சொல்லிவிட்டு டிராயரைத் திறந்து மூவாயிரத்தை எண்ணிக் கொடுத்தார். "உனக்கு வேலை தெரியும்," என்றார்.

அவர் பாட்டுக்கு வேடிக்கையாகச் சொன்னார். இவளுக்கு அது முள்ளாகக் குத்திக்கொண்டது. மேசையில் உட்கார்ந்து ஒரு கார் ஷெட்டின் தூண்களை வரையப் போனவள், ஒரே தூணை மூன்று தடவை வரைந்து மூன்று தடவை அழித்தாள். நடுவுல எவனோ சாப்பிடுறான். ஒருத்தன் பன்னைத் தின்னாமல் மிச்சம் பிடிப்பான், அதை இவள் கொண்டுபோய் ஆளில்லாத ஒரு கட்டிலுக்குப் போடுவாள். அந்தக் கட்டில் இல்லாவிட்டால் அவன் பஸ்ஸில் போகலாம், டீ குடிக்கலாம், அதற்கு மேலும் நானூற்றைம்பது மிச்சம் இருக்கும். இந்தக் கணக்கைப் போட ஒரு நிமிடம் போதும். அவள் அதை மூன்று வாரமாகப் போட்டுக்கொண்டிருந்தாள். உடனே ஹாலில் அக்காவின் கால்கள் நினைவுக்கு வரும். கணக்கு அங்கேயே நின்றுவிடும்.

வீடு ஒரு முட்டுச் சந்தின் கடைசியில், மாடியில். கீழே வீட்டுக்காரம்மா. ரயில்வே டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். இப்போதும் எதிராளி பேசும்போது, கண்ணாடித் துளை வழியாகக் கேட்பதுபோல் காதை ஒரு பக்கமாகச் சாய்ப்பார். அவள் போனபோது அவன் மாடியில் குழாய்களைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான். அந்த வீட்டில் விசேஷம் ஒன்றே ஒன்றுதான். சமையல்கட்டில் கிழக்குப் பார்த்த பெரிய ஜன்னல், அதன் அடியில் இரண்டு பேர் உட்காரும்படி ஒரு சிமெண்ட் மேடை. இரண்டு பேருக்கும் வகுப்பும் வேலையும் இல்லாத ஒரே நேரம் ஞாயிற்றுக்கிழமை காலை. அந்த மேடையில் உட்கார்ந்து மத்தியானம் வரைக்கும் ஒரு வேலையும் செய்யக் கூடாது என்று போன மாதமே தீர்மானம் போட்டாகிவிட்டது. உண்மையைச் சொன்னால், ஏழாயிரமும் அந்த மேடைக்குத்தான்.

வீட்டுக்காரம்மா பணத்தை வாங்கி, பார்க்காமலே விரல் நுனியால் எண்ணினார். இருபத்தோராயிரமும் சரியாக இருந்தது. பிறகுதான் காதைச் சாய்க்காமல், நேராக நிமிர்ந்து, "ஒண்ணு சொல்ல விட்டுப்போச்சு தம்பி. மோட்டார் மாத்தினதுல இருந்து தண்ணிக்கு எழுநூறு வாங்குறோம். ஐநூறுன்னு புரோக்கர் பழசைச் சொல்லிட்டாரு. யோசிச்சுச் சொல்லுங்க, நான் ரசீது புக்கை எடுத்துட்டு வரேன்," என்று கீழே இறங்கினார்.

இருநூறு. அவன் மேடையில் உட்கார்ந்து, தாளை எடுத்து விரித்தான். அடிக்க இனி அதில் அவனுடையது என்று ஒன்றும் பாக்கியில்லை. இருந்தாலும் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வந்தான்.

"ஞாயித்துக்கிழமை காலையில வரச் சொல்லி டாக்டர் ரொம்ப நாளா கேட்டுட்டிருக்காரு," என்றான், தாளைப் பார்த்துக்கொண்டே. "வரேன்னு சொல்லிடுறேன். இருநூறு என்ன, மேலயே வரும்."

"வேண்டாம்."

"மதியம் ரெண்டு மணிக்கு வந்துடுவேனே. அப்புறம் உக்காந்துக்கலாம்."

"அப்போ வெயில் இந்தப் பக்கம் இருக்காது."

என்ன பேச்சு இது என்று அவளுக்கே இருந்தது. வெயிலா இப்போது பிரச்சினை? அவள் அந்தக் காலி அறையில் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நாலு நடை நடந்தாள். ஐந்தாவது நடையில் நின்று, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"கடைசி வரியில இருக்கிறது எதிர்பாராச் செலவு இல்ல."

"தெரியும்."

திரும்பினாள். அவன் இன்னும் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன தெரியும்?"

"கட்டில்." துண்டுச் சீட்டை எடுத்துக் காட்டினான். "அட்வான்ஸ்ல என் விடுதி டெபாசிட் நாலாயிரம் வந்திருக்கு. உன்னுது வரவே இல்லை. நீ சோப்பைக் கூட எண்ணி எழுதுறவ. நாலாயிரத்தையா மறப்பே?"

மூன்று வாரமாக ஒரு தாளில் அவ்வளவு சாமர்த்தியமாக ஒளித்து வைத்தது, இன்னொரு சீட்டில் பல்லிளித்துக்கொண்டு நின்றது. கணக்கில் புலி என்று பெயர் எடுத்தவள். அவளுக்கு முகம் சிவந்து, காது வரைக்கும் சுட்டது.

"எப்போலேர்ந்து தெரியும்?"

"மூணு வாரம் முன்னாடி, சீட்டு எழுதின அன்னிக்கே."

"அப்புறம் ஏன்டா கேக்கலை? ஏன் பஸ்ஸை அடிச்சே, பன்னை அடிச்சே? கேட்டிருந்தா விட்டிருப்பேனே!"

"விட்டிருப்பே. அதான் கேக்கலை." கழுத்தைச் சொறிந்துகொண்டான். அவனுக்குப் பேச வராத விஷயம் என்றால் கழுத்துதான் அகப்படும். "எனக்காக விட்டுட்டு, அப்புறம் இங்க வந்து கதவையே பாத்துட்டு உக்காந்திருப்பே. முதல் வருஷம் லீவுல, நீ விட்டுட்டுப் போன நோட்டைக் கொடுக்க உங்க வீட்டுக்கு ஒரு தடவை வந்தேன், ஞாபகம் இருக்கா? நான் உள்ள வந்ததும் உங்க அக்கா அவசர அவசரமா பாயைச் சுருட்டினாங்க. சுருட்டிட்டு எங்க நிக்கிறதுன்னு தெரியாம, அதைக் கையில வச்சுக்கிட்டே நின்னாங்க. நான் பாத்தேன்ல."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பேசினால் அழுகை வந்துவிடும், கீழே ரயில்வேக்காரம்மா இருக்கிறார்.

"மணி நாலரை ஆகப் போகுது. அஞ்சு மணிக்குள்ள கட்டணும்ல? ஓடு. நான் ரசீதை வாங்கி வைக்கிறேன். இருநூறை நான் பாத்துக்கறேன்."

அவள் ஓடினாள். படியில் ரசீது புத்தகத்தோடு ஏறி வந்த வீட்டுக்காரம்மா, "என்னம்மா, வீடு வேண்டாமா?" என்று சுவரோடு ஒதுங்கினார். சந்து முனையில் பஸ் கிடைத்தது. உட்கார இடம் இருந்தும் உட்கார முடியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, சிக்னலுக்குச் சிக்னல் டிரைவரை மனதுக்குள் திட்டிக்கொண்டு நின்றாள். கோபமாக வந்தது. அவன்மேலா, தன்மேலா, அக்காமேலா என்று தெரியாத கோபம். ஏன் வந்தேன்னு யாரும் கேக்காத கட்டில் என்று அக்கா சொன்னாள். இவன் மூன்று வாரமாகத் தெரிந்துகொண்டு, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காததோடு விட்டானா, அதற்கு வாடகை கட்ட நடக்கவும் ஆரம்பித்துவிட்டான். நாலாவது சிக்னலில் பஸ் நின்றபோது அவள் வாய்விட்டே, "சீ, என்ன மனுஷன்டா நீ," என்றாள். பக்கத்துப் பெண்மணி பையை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

விடுதி அலுவலக ஜன்னலுக்குப் போய்ச் சேர்ந்தபோது நாலு ஐம்பத்திரண்டு. கிளார்க் ஸ்டாம்ப் பேடை மூடிவிட்டார். மூச்சு வாங்க நிற்கிறவளைப் பார்த்து, வேண்டா வெறுப்பாகத் திரும்பத் திறந்தார்.

"வெள்ளையா, மஞ்சளா?"

எழுதின வெள்ளைப் பாரம் பையில் இருந்தது. உள்ளே பணமும் இருந்தது. நீட்டினால் முடிந்தது.

"மஞ்சள் ஒண்ணு கொடுங்க," என்றாள்.

"இனிமேதான் எழுதப் போறியாம்மா? எட்டு நிமிஷம்தான் இருக்கு."

ஜன்னல் பலகையிலேயே வைத்து எழுதினாள். பெயர். அறை எண் பதினேழு. கட்டில், ஜன்னலோரம். பயம் போய்விட்டதா என்றால், இல்லை. அப்படியே இருந்தது. அதற்காக மாதம் ஆயிரத்து முந்நூற்றைம்பது கட்டத்தான் அவளுக்கு மனம் வரவில்லை. இந்தப் பணத்தில் ஒருத்தன் பஸ் ஏறட்டும். காரணம் என்ற இடத்தில், 'வீடு கிடைத்துவிட்டது' என்று எழுதினாள். அடுத்த கட்டம்: இனி வசிக்கும் முகவரி.

பேனா நின்றது. அந்த வீட்டின் நீள அகலம் அவளுக்குத் தெரியும். குளியலறை ஜன்னலுக்கு மேல் விரிசல் எத்தனை அங்குலம் என்று தெரியும். சுவர் எந்த மூலையில் ஈரம் வாங்கும் என்று தெரியும். கதவு எண் தெரியாது. செலவில் வராத எண்ணை யார் பார்த்து வைத்தார்கள்?

ஃபோன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தான்.

"கட்டிட்டியா?"

"நம்ம வீட்டுக் கதவு நம்பர் என்ன?"

"நம்பரா? தெரியலையே. இரு, கீழ போய்ப் பாக்குறேன்." தடதடவென்று படி இறங்கும் சத்தம். "கேட்டுல நம்பர் போட்டிருக்கு, மேல வெள்ளையடிச்சு மறைச்சுட்டாங்க. இரு, சாவியால சுரண்டுறேன்." சர் சர் என்று சுரண்டும் சத்தம். தூரத்தில் வீட்டுக்காரம்மாவின் குரல், "இப்பதான் அடிச்சது தம்பி, அதைப் போய்ச் சுரண்டுறீங்களே!"

"பதினாலு," என்றான். "பதினாலு பை என்னமோ. இரு." சர் சர். சட்டென்று சத்தம் நின்றது. "ஆமா, கட்டிலை வச்சுக்கறதுக்கு எதுக்கு நம்பர் கேக்குறாங்க? வெள்ளைப் பாரத்துல முகவரியே கிடையாதே."

அவள் 'பதினாலு' என்று எழுதிக்கொண்டாள்.

"நான் மஞ்சள் எழுதினப்போதான் முகவரி கேட்டாங்க, ஊர் முகவரியைக் கொடுத்தேன்."

"மூணு நிமிஷம் இருக்கு," என்றாள். "சுரண்டுடா."

கிளார்க் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், இவளைப் பார்த்தார். பிறகு சுரண்டல் மறுபடி ஆரம்பித்தது, முன்னைவிட வேகமாக. வீட்டுக்காரம்மா இப்போது பக்கத்திலேயே வந்து கத்திக்கொண்டிருந்தார், அவன் அதைக் காதில் போட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை.

"மூணு," என்றான். "பதினாலு பை மூணு. எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

கிளார்க் பாரத்தை இழுத்து, படித்துக்கூடப் பார்க்காமல், டப்பென்று முத்திரை குத்தினார்.

"டாக்டர்கிட்ட ஃபோன் பண்ணிடலாமா? ஞாயித்துக்கிழமை..." என்று அவன் ஆரம்பித்தான்.

"ஞாயித்துக்கிழமை காலையில," என்றாள் அவள், "நீ வீட்ல இருக்கே."